பெட்டியில் மிஞ்சியவை

1959ஆம் ஆண்டு கேடிலாக் காரின் நீளம் 225 அங்குலம். 25-ஆல் வகுத்தால் 9 அங்குலம். நம் பழைய கணக்கில் ஒரு சாண். பின்பக்கத்தில் சுறாவின் செட்டை போல இரண்டு துடுப்புகள் எழுந்து நிற்கும் அந்தப் பெரிய வண்டி, கையை விரித்து அளக்கும் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அமெரிக்கக் கார்களைச் சிறிதாக்கி, பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் அடைத்து விற்ற ‘கிட்’ தொழில் பெரும்பாலும் இந்த 25-இல் ஒரு பங்கு அளவில்தான் வளர்ந்தது. அதன் கதையைச் சொல்பவர்கள் அதைப் பொம்மைத் தொழிலின் கிளையாகவோ, 1960களில் சிறுவர்களாக இருந்தவர்களின் ஏக்கமாகவோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தப் பெட்டியிலிருந்து கட்டி எடுத்த காரைவிட, கட்டி முடித்த பிறகு பெட்டியின் அடியில் மிஞ்சிக் கிடந்த பாகங்கள்தான் இந்தத் தொழிலின் வரலாற்றைத் தீர்மானித்தன என்பது என் கருத்து. ஆண்டுதோறும் பழையதைக் கழித்துப் புதியதை விற்றே வளர்ந்த கார் நகரம் டெட்ராய்ட், தன்னையறியாமல் பழசாகாத ஒரு சரக்கைச் சிறுவர்களின் கையில் கொடுத்தது. அந்த மிச்சத்திலிருந்து ஒரு கைத்தொழில் முளைத்தது. அது டெட்ராய்ட் மறந்த கார்களையும் இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது.

தொடக்கத்தில் இந்த மாதிரிகளைக் கட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து, காருக்காகக் காத்திருந்த அமெரிக்கர்கள் ஷோரூம் வாசலில் நின்ற காலம் அது. புதிய மாடலின் வடிவத்தையும் நிறத்தையும் மேசைமேல் வைத்துக் காட்டவும், அப்பாவோடு வந்த பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பவும் டீலர்களுக்கு ஒரு சின்னக் கார் தேவைப்பட்டது. டெட்ராய்ட் வட்டாரத்தில் வழக்கறிஞராக இருந்த வெஸ்ட் கேலாக்லி 1948இல் தொடங்கிய நிறுவனம் இதைச் செய்தது. ‘அலுமினியம் மாடல் டாய்ஸ்’ என்ற பெயரின் முதலெழுத்துகளே பிறகு ஏ.எம்.டி. என்று புகழ்பெற்றன. பெயருக்கேற்ப முதல் மாதிரி அலுமினியத்தில் வார்த்த ஃபோர்டு; அதன்மேல் அடித்தது ஃபோர்டு நிறுவனத்தின் அசல் பெயின்ட். விரைவிலேயே அலுமினியம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. அச்சு வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜான் ஹேன்லி 1947இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய நிறுவனம் பின்னர் ஜோ-ஹான் என்று பெயர் மாற்றிக்கொண்டு இதே வேலையில் இறங்கியது. கார் நிறுவனங்கள் வெளியே யாருக்கும் காட்டாத வரைபடங்களை இவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தன. கார் ஷோரூமுக்கு வரும் நாளில் மாதிரியும் வந்தாக வேண்டும். கடைசி நேரத்தில் டெட்ராய்ட் ஒரு நிக்கல் பட்டையை மாற்றிவிட்டால் அச்சை மாற்ற அவகாசம் இருக்காது. அதனால் நிஜக் காரில் இல்லாத அலங்காரம் ஒன்று மாதிரியில் தங்கிவிட்டதும் உண்டு. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்குக்கு வேறொரு குறையும் இருந்தது. 1960களின் தொடக்கம்வரை பயன்பட்ட செல்லுலோஸ் அசிட்டேட் நாள்பட நாள்பட முறுக்கிக்கொள்ளும். இன்று கண்ணாடி அலமாரிகளில் இருக்கும் 1950களின் விளம்பர மாதிரிகள் பலவற்றில் கூரை குழிந்திருக்கும், பானெட் வெயிலில் கிடந்த ஓலை போல நெளிந்திருக்கும். ஸ்டைரீன் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை நீங்கியது.

இந்த மாதிரிகளுக்குப் பின்னால் இருந்த பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு போக முடியாது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920களில் வகுத்த வழி ஆண்டுக்கொரு மாடல். போன வருடம் வாங்கிய கார் நன்றாகவே ஓடும். ஆனாலும் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் புதுக் காரைப் பார்த்ததும் அது பழசாகத் தெரியவேண்டும். அதற்காக 1927இல் ஹார்லி ஏர்ல் என்பவரை வரவழைத்து வடிவமைப்புக்கென்றே தனிப்பிரிவு தொடங்கினார்கள். ஏர்ல் அதற்கு முன் செய்துகொண்டிருந்தது கலிஃபோர்னியாவில் ஹாலிவுட் நட்சத்திரங்களின் கார்களுக்குத் தனி உடல் கட்டிக்கொடுக்கும் வேலை. களிமண்ணில் வடிவத்தை வனைந்து பார்த்து முடிவுசெய்யும் முறையை டெட்ராய்ட்டில் நிலைநிறுத்தியவர் அவர்தான். மாதிரி செய்வது, வண்டியை மாற்றியமைப்பது ஆகிய இரண்டும் அமெரிக்கக் கார்த் தொழிலின் வேரிலேயே இருந்தவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. மாதிரிக் கார்களும் அதே ஆண்டுச் சக்கரத்தில் பூட்டப்பட்டன. மரத்தில் பெரிய அளவில் செதுக்கிய மூலவடிவை வைத்து, பாண்டோகிராஃப் இயந்திரத்தால் சுருக்கி எஃகில் அச்சு வெட்டுவார்கள். அதற்கு ஆகும் செலவு பெரியது. ஆகவே இந்த ஆண்டின் அச்சையே அடுத்த ஆண்டு மாடலுக்கேற்ப வெட்டித் திருத்திப் பயன்படுத்தினார்கள். 1962ஆம் ஆண்டுக் காருக்கான அச்சு 1963ஆம் ஆண்டுக் காராக மாறியதும், 1962ஆம் ஆண்டுக் கார் உலகத்தில் இனி வார்க்க முடியாததாகிவிடும். நிஜக் காருக்குக்கூடப் பழைய கார்ச் சந்தையில் மறுவாழ்வு கிடைத்தது. மாதிரிக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இதே காலத்தில் கண்டத்தின் மறுகோடியில் நேரெதிரான ஒரு பழக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. கலிஃபோர்னியாவின் மியூராக் போன்ற வற்றிய ஏரிப் படுகைகளில், மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளின் பாரத்தைக் குறைத்து, எஞ்சினை முடுக்கி, வேகம் பார்த்தார்கள் இளைஞர்கள். 1937இல் அவர்களுக்கு ஒரு சங்கம் அமைந்தது. 1948இல் ‘ஹாட் ராட்’ என்ற பத்திரிகை வந்தது. 1951இல் வாலி பார்க்ஸ் தலைமையில் தேசிய அளவிலான அமைப்பு உருவாயிற்று. ஹாட் ராட் என்பது மிச்சத்தில் பிறந்த வண்டி. உடல் 1932ஆம் ஆண்டு ஃபோர்டாக இருக்கும், எஞ்சின் விபத்தில் நொறுங்கிய கேடிலாக்கிலிருந்தோ ஓல்ட்ஸ்மொபீலிலிருந்தோ வந்திருக்கும், சக்கர அச்சு வேறெங்கோ பழைய இரும்புக் கடையில் கிடைத்திருக்கும். இன்னொரு சாரார் வேகத்தைவிட அழகைத் தேடினார்கள். ஜார்ஜ் பாரிஸும் அவர் அண்ணன் சாமும் ஜப்பானிய வம்சாவளி இளைஞர் பாப் ஹிரோஹாட்டாவுக்காக 1952இல் முடித்துக்கொடுத்த 1951 மெர்க்குரி அதன் உச்சம். கூரையைத் தாழ்த்தி, நடுத்தூணை எடுத்து, கைப்பிடி, முத்திரை என்று டெட்ராய்ட் ஒட்டியவற்றை எல்லாம் வழித்தெடுத்து, தரையோடு தரையாக இறக்கிய வண்டி அது. தொழிற்சாலை முடித்து அனுப்பியதை முடிவானதாக ஏற்காத மனம் அதில் வேலை செய்தது.

இந்த இரண்டு ஓடைகளும் 1958இல் ஒரு அட்டைப் பெட்டிக்குள் கலந்தன. விளம்பர மாதிரிக்கான அச்சு ஏற்கெனவே கையிலிருந்த ஏ.எம்.டி., அதே காரைப் பாகங்களாகப் பிரித்து, ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஷோரூமில் நிற்பதைப் போலவே கட்டலாம். கலிஃபோர்னியா பாணியில் அலங்கரித்துக் கட்டலாம். பந்தயக் காராகவும் கட்டலாம். அடுத்த ஆண்டு 1932ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டரை வைத்துத் தொடங்கிய வரிசை, டீலர் மேசையோடு சம்பந்தமே இல்லாத பழைய வண்டி ஒன்றை முதல்தரச் சரக்காக்கியது. விற்பனைக்காரர் பார்வையில் ‘மூன்றில் ஒன்று’ என்பது கெட்டிக்கார உத்தி. அதில் யாரும் திட்டமிடாத விளைவு ஒன்று ஒளிந்திருந்தது. ஒரு பையன் மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற இரண்டுக்கான பாகங்கள் மிஞ்சும். பந்தயக் கார் கட்டினால் நிக்கல் பளபளக்கும் சக்கர மூடிகளும் அசல் பம்பரும் மிச்சம். அசலாகக் கட்டினால் கூடுதல் கார்புரேட்டர்கள், வழுவழுப்பான அகலப் பந்தய டயர்கள், தீக்கொழுந்து வரைந்த ஒட்டுப்படங்கள் மிச்சம். நான்கைந்து கிட்டுகள் கட்டிய வீட்டில் ஒரு சுருட்டுப் பெட்டி நிறையச் சேர்ந்துவிடும்.

அந்தச் சுருட்டுப் பெட்டியைச் சாதாரணக் குப்பையிலிருந்து வேறுபடுத்தியது அளவின் பொதுமை. ஏ.எம்.டி., ஜோ-ஹான், 1960களின் நடுவில் ஜார்ஜ் டோடெஃப் நடத்திய எம்.பி.சி. ஆகிய மூன்றும் 25-இல் ஒரு பங்கைப் பற்றிக்கொண்டதால், ஃபோர்டு பெட்டியின் எஞ்சின் பிளிமத் உடலுக்குள் ஏறியது, ஷெவ்ரலே சக்கரம் மெர்க்குரிக்குப் பொருந்தியது. சிகாகோ பக்கத்து மோனோகிராம் நிறுவனம் 24-இல் ஒரு பங்கில் செய்தது. அது நூற்றுக்கு நான்கு பங்கு பெரிது, ஆனாலும் சக்கரத்திலும் எஞ்சினிலும் கண்ணுக்கு அது தெரியாது. நிஜத்தில் ஹாட் ராட்காரர்கள் பழைய இரும்புக் கடையில் செய்த அதே வேலை, கொல்லைப்புறக் கேரேஜும் வெல்டிங் இயந்திரமும் இல்லாத பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மேசைமேல் சாத்தியமாயிற்று. இதை நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள், 1960களில் ரெவெல், ஏ.எம்.டி., மோனோகிராம் ஆகிய மூன்று நிறுவனங்களும் என்ன விற்றன என்று பார்க்கட்டும்: காரே இல்லாத பெட்டிகள். உள்ளே ஒரு எஞ்சின் மட்டும் இருக்கும், அல்லது சட்டமும் சஸ்பென்ஷனும் மட்டும், அல்லது சக்கரங்களும் அலங்காரத் துண்டுகளும் மட்டும். வாங்குபவர்கள் பெட்டிமேல் இருக்கும் படத்தைப் பின்பற்றுபவர்களாக மட்டும் இருந்திருந்தால் இந்தச் சரக்குக்கு விலையே கிடைத்திருக்காது. பையன்கள் கலந்து கட்டுகிறார்கள் என்பதை நிறுவனங்கள் பார்த்துத்தான் அவர்கள் பின்னால் ஓடின.

கலந்து கட்டுவது என்றால் ஒட்டி முடிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வேலையை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1949 மெர்க்குரியின் கூரையை மூன்று அங்குலம் தாழ்த்த வேண்டும். மாதிரியில் அது மூன்று மில்லிமீட்டர். கண்ணாடிச் சட்டங்களின் தூண்களைச் சுற்றி ஒட்டுநாடாவால் கோடு போட்டு, தகடு போன்ற மெல்லிய ரம்பத்தால் அறுத்து, நடுவில் மூன்று மில்லிமீட்டரை எடுத்துவிட்டுக் கூரையை மறுபடி வைத்தால் அது உட்காராது. ஏனென்றால் முன்தூண் பின்பக்கமாகவும் பின்தூண் முன்பக்கமாகவும் சாய்ந்திருக்கின்றன. தாழ்த்தத் தாழ்த்த அடித்துண்டுகள் இரண்டும் விலகி நிற்க, மேலிருக்கும் கூரை குட்டையாகிவிடும். ஆகவே கூரையைக் குறுக்கே இரண்டாக அறுத்து, இடையில் பிளாஸ்டிக் பட்டை வைத்து நீட்ட வேண்டும். பிறகு நம் டிங்கரிங் பட்டறையில் செய்வது போலவே பட்டி போட்டு, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பட்டி காயும்போது சுருங்கும். அவசரப்பட்டால் பெயின்ட் அடித்த மறுவாரம் கூரையில் ஒரு பள்ளம் தெரியும். கண்ணாடியாக வந்த தெளிந்த பிளாஸ்டிக்கையும் புதுத் திறப்புக்கேற்ப அரத்தால் ராவியாக வேண்டும். பாரிஸ் சகோதரர்கள் எஃகில் சந்தித்த வடிவகணிதமும் இதுதான். 25-இல் ஒரு பங்காகச் சிறுத்தாலும் தூணின் சாய்வு மாறுவதில்லை. வண்ணத்துக்கும் இதே கதை. வெள்ளியோ தங்கமோ அடியில் பூசி, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பைப் பல படலங்களாக அடித்தால்தான் மிட்டாய் போன்ற அந்த ஆழமான பளபளப்பு வரும். பட்டறையில் இருந்த முறையே மேசைக்கும் வந்தது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒயர்களுக்குத் தையல் நூல் போதுமாயிற்று.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இவையெல்லாம் கார் நிறுவனங்களின் விளம்பரம். நாளைய வாடிக்கையாளரை இன்றே பழக்கும் தந்திரம். இதில் கைத்தொழில், சுதந்திரம் என்று பேசுவது ஏமாற்று என்பார்கள். விளம்பரம் என்பது உண்மை. டீலர் மேசையிலிருந்து பிறந்ததை மறைக்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை நடத்திய கைவினைப் போட்டியை அவர்கள் சான்றாகக் காட்டலாம். பதின்வயதுப் பையன்கள் முதலில் அந்த நிறுவனத்தின் சின்னமான அரச ரதத்தையும், 1937 முதல் தாங்களே கற்பனை செய்த கார்களையும் மாதிரியாகச் செய்து அனுப்பினார்கள். பரிசு கல்லூரி உதவித்தொகை. கிட் எதுவும் இல்லாமல், மரத்திலிருந்து செதுக்கிச் செய்த, 12-இல் ஒரு பங்கு அளவுக் கார்கள் அவை. நிறுவனத்துக்கு அது நற்பெயர் சம்பாதிக்கும் வழிதான். ஆனால் அந்தப் போட்டியின் விளைவு எந்தத் திசையில் ஓடியது என்று பார்க்க வேண்டும். 1947இல் முதல் பரிசு வாங்கிய சக் ஜோர்டன் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, 1957 முதல் கேடிலாக் வடிவமைப்புப் பிரிவை நடத்தி, 1986இல் நிறுவனத்தின் வடிவமைப்புத் துணைத்தலைவரானார். இக்கட்டுரையின் முதல் வரியில் சொன்ன ஒரு சாண் கேடிலாக்கும் அவர் பொறுப்பில் இருந்த பிரிவிலிருந்து வந்ததே. மாதிரி செய்த பையன் காரைச் செய்தான்.

மாதிரியிலிருந்து நிஜத்துக்குப் போன பாதைக்கு இதைவிடத் துலக்கமான சான்றும் உண்டு. டாட்ஜ் ஏ100 என்ற சாதாரணப் பிக்கப்பை மிச்சிகனின் அலெக்சாண்டர் சகோதரர்கள் டியோரா என்ற கனவு வண்டியாக மாற்றினார்கள், 1967இல் டெட்ராய்ட் கண்காட்சியின் உயரிய ரிட்லர் விருது அதற்குக் கிடைத்தது, ஏ.எம்.டி. அதைக் கிட்டாக விற்றது. இது நிஜத்திலிருந்து மாதிரிக்கு வந்த பாதை. 1968இல் டாம் டேனியல் மோனோகிராமுக்காக வரைந்த ‘ரெட் பேரன்’ எதிர்த்திசையில் நடந்தது. முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் ராணுவத் தலைக்கவசத்தையே கூரையாகக் கொண்ட அந்த வண்டி பிளாஸ்டிக்கில்தான் பிறந்தது. அதுபோன்ற கார் எந்தச் சாலையிலும் ஓடியதில்லை. கிட் பெற்ற புகழைக் கண்டு, கார்க் கண்காட்சிகள் நடத்திய பாப் லாரிவீ முழு அளவில் ஒன்று கட்டச் சொன்னார்; டெட்ராய்ட்டில் சக் மில்லர் கட்டினார். மாதிரியில் இருந்த விமான எஞ்சினுக்குப் பதில் நிஜ வண்டியில் பாண்டியாக்கின் ஆறு சிலிண்டர் எஞ்சின் வைக்க வேண்டியிருந்தது. கையளவு வண்டியைப் பார்த்து முழு அளவு வண்டியைக் கட்டுகிறார்கள் என்றால், எதை அசல் என்றும் எதை நகல் என்றும் சொல்வது? ரெவெல் நிறுவனத்தோடு சேர்ந்த எட் ராத் இதே எல்லையில் உலவியவர். எந்தக் காரின் உடலையும் எடுக்காமல், பிளாஸ்டர் வடிவத்தின்மேல் கண்ணாடியிழை போர்த்தி அவர் செய்த ‘அவுட்லா’வும், தெளிந்த பிளாஸ்டிக் குமிழிக் கூரை போட்ட ‘பீட்னிக் பாண்டிட்’டும் 1960களின் தொடக்கத்தில் கிட்டுகளாயின. விற்ற ஒவ்வொன்றுக்கும் அவருக்குக் கிடைத்தது ஒரு சென்ட். டெட்ராய்ட்டின் அனுமதியோ வரைபடமோ அவற்றுக்குத் தேவைப்படவில்லை. விளம்பரக் கருவி என்ற விளக்கம் இந்தக் கட்டத்தைத் தாண்டி வராது.

இன்னொரு மறுப்பை நான் அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டேன். விற்ற கிட்டுகளில் பெரும்பாலானவை ஒரே மாலையில், கண்ணாடியில் பசைக் கைரேகையோடு கட்டப்பட்டு, ஓரிரு ஆண்டில் குப்பைக்குப் போனவைதான். கூரையைத் தாழ்த்திய கைகள் சிறுபான்மை. எந்தக் கைத்தொழிலிலும் இதுவே நிலை என்று பதில் சொல்லலாம். வீணை வாங்கிய வீடெல்லாம் வித்வான் வீடாவதில்லை. ஆனால் யாருக்கு இந்த வாய்ப்பே மறுக்கப்பட்டது என்ற கேள்விக்கு அந்தப் பதில் உதவாது. ஃபிஷர் பாடி போட்டியில் பெண்பிள்ளைகளுக்கு இடமே இல்லை. பெட்டிகளின் படங்களும் பத்திரிகை விளம்பரங்களும் அப்பாவையும் மகனையும் மட்டுமே பார்த்துப் பேசின. கலிஃபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளி மக்கள் பல பத்தாண்டுகளாக ஷெவ்ரலே இம்பாலாக்களைத் தரையில் படிய இறக்கி, ஹைட்ராலிக் விசையால் துள்ளவைத்த ‘லோரைடர்’ மரபு, 1990களில்தான் பெட்டிமேல் தன் பெயரோடு பரவலாகக் கிடைத்தது. அதுவரை அவர்கள் சாதாரண இம்பாலா கிட்டையும் மிச்சப் பெட்டியையும் வைத்துத் தாங்களே செய்துகொண்டார்கள். தொழில் ஒதுக்கியவர்களும் மிச்சத்தைக் கொண்டு உள்ளே வந்தார்கள் என்பது என் வாதத்துக்குச் சாதகமானதுதான். அதற்காக ஒதுக்கியது நியாயமாகிவிடாது. அந்தக் குறை இந்த வரலாற்றின் உள்ளேயே இருக்கிறது.

சரிவை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பசையின் ஆவியைப் பிள்ளைகள் போதைக்காக முகர்கிறார்கள் என்ற அச்சம் பரவி, 1969இல் டெஸ்டர்ஸ் நிறுவனம் தன் பசையில் நெடியடிக்கும் கடுகெண்ணெய்ச் சாரத்தைச் சேர்த்தது. 1973 அக்டோபரில் வந்த எண்ணெய்த் தடை காரின் மோகத்தையும் பிளாஸ்டிக்கின் விலையையும் ஒரே அடியில் தாக்கியது. வீடியோ விளையாட்டு வந்தது. ஏ.எம்.டி. 1978இல் பிரிட்டனின் லெஸ்னிக்கும், சில ஆண்டுகளில் அங்கிருந்து அயோவாவின் எர்ட்லுக்கும் கைமாறியது, எம்.பி.சி.யும் பின்னால் அங்கேயே போய்ச் சேர்ந்தது. ரெவெலும் மோனோகிராமும் 1986இல் ஒன்றாயின. அவற்றை வாங்கிய ஹாபிகோ 2018இல் திவாலாயிற்று. இந்தப் பட்டியலைவிட எனக்கு உறைப்பது அச்சுகளுக்கு நேர்ந்த கதிதான். ஆண்டுதோறும் திருத்தப்பட்டது போக எஞ்சிய சில அச்சுகளை 1970களின் தொடக்கத்தில் மண்பாதைப் பந்தயக் கார்களாக வெட்டினார்கள். மட்கார்டை அறுத்து, கதவை மூடி, அலங்காரத்தை அழித்து, எஃகிலேயே செய்த மாற்றம். பையன் ஒரு பிளாஸ்டிக் உடலை வெட்டினால் போவது ஒரு கார். தொழிற்சாலை அச்சை வெட்டினால் அந்த மாடலே போய்விடும்.

இதனால்தான் பழைய கிட்டை வெட்டலாமா என்ற சர்ச்சை இன்று கட்டுபவர்களிடையே கூர்மையாக இருக்கிறது. பெட்டியில் உள்ளபடி கட்டுவதே நேர்மை, 1960களின் அரிய உடலில் ரம்பம் வைப்பது பாவம் என்பது ஒரு கட்சி. அது இழப்பைக் கண்டு பயந்து சொல்வது, அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் வெட்டவே கூடாது என்று விதி செய்தால், அந்தக் கிட் எதற்காகப் பிறந்ததோ அதையே மறுப்பதாகிறது. மறுபடி வார்க்கக் கிடைப்பதை வெட்டலாம். வார்க்க வழியில்லாததை முதலில் நகலெடுத்துக்கொண்டு வெட்டலாம் என்பதே என் நிலை. காப்பதன் மதிப்பை உணர ஒரு கார் போதும். கிறைஸ்லர் 1963–64இல் விமானத்தைப் போல டர்பைனில் ஓடும் காரைக் கட்டியது. முன்மாதிரிகளையும் சேர்த்து 55. உடல் இத்தாலியின் கியா பட்டறையில் செய்தது. செம்பு கலந்த பழுப்பு நிறம். 203 அமெரிக்கக் குடும்பங்களுக்கு மூன்று மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கி, 46 கார்களை அழித்துவிட்டார்கள். மிஞ்சியவை 9. அந்தக் காரை ஜோ-ஹான் 25-இல் ஒரு பங்கில், திறக்கும் கதவுகளோடும் உள்ளே அந்த விநோத எஞ்சினோடும் செய்து விற்றிருந்தது. நிஜக் கார்கள் நெருப்பிலும் நசுக்கும் இயந்திரத்திலும் போய்விட, அதன் எஞ்சின் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதைப் பல ஊர்களில் பலர் கையால் கட்டி அறிந்து வைத்திருந்தார்கள்.

தொலைந்த உடல்களை மீட்கும் வேலையை முதலில் எடுத்துக்கொண்டவை பெரிய நிறுவனங்கள் அல்ல. 1980கள் முதல், கேரேஜில் குடும்பமாக உட்கார்ந்து வேலை பார்த்த சிறு வார்ப்புக்காரர்கள், கிடைத்த பழைய உடலின்மேல் சிலிகான் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, ரெசினில் நகல் வார்த்துக் கொடுத்தார்கள். ஒரு ரப்பர் அச்சு சில டஜன் வார்ப்புகளில் கிழிந்துவிடும். மறுபடி ஊற்ற வேண்டும். கிட்டாக அதிகம் வராத ஸ்டேஷன் வேகன்களையும் நான்கு கதவு செடான்களையும், இரண்டு மூன்று கிட்டுகளை வெட்டி இணைத்து மூலவடிவு செய்து அவர்கள் வார்த்தார்கள். வேகமான கார்களை மட்டுமே நினைவில் வைத்த ஒரு தொழிலில், பால் வாங்கவும் பள்ளிக்கூடம் போகவும் மக்கள் ஓட்டிய கார்கள் இப்படித்தான் அலமாரிக்கு வந்தன. இன்று அந்த இடத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் நிற்கின்றன.

ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களும் எஞ்சிய அச்சுகளும் இப்போது இண்டியானாவின் சவுத் பெண்ட் நகரத்து ‘ரவுண்ட் 2’ நிறுவனத்திடம் இருக்கின்றன. 1960களின் கார்களை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவர அவர்கள் முயன்றபோது, எஞ்சின், சட்டம், இருக்கை ஆகியவற்றின் அச்சுகள் பல இடங்களில் கிடைத்தன. வெளியுடலின் அச்சு அடுத்த ஆண்டு மாடலாகவோ மண்பாதைப் பந்தயக் காராகவோ வெட்டப்பட்டுப் போயிருந்தது. அறுபது ஆண்டுக்கு முன் யாரோ வாங்கி, கட்டாமலும் தூக்கி எறியாமலும் வைத்திருந்த கிட்டுகள் துணைக்கு வந்தன. அந்தப் பிளாஸ்டிக் உடலின் ஒவ்வொரு வளைவையும் அளந்தெடுத்து, அதற்கேற்ப எஃகில் புது அச்சு வெட்டுகிறார்கள். மூலம் தொழிற்சாலையில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. புது அச்சிலிருந்து வரும் கிட்டிலும் மூன்று விதமாகக் கட்டுவதற்கான பாகங்கள் இருக்கின்றன. கட்டி முடித்தால் சில சக்கர மூடிகளும், ஒரு பம்பரும், இரண்டு கார்புரேட்டர்களும் மிஞ்சும்.